மூன்று மணி நேரக் கல்யாணமும் நான்கு ஜிபி பென்டிரைவும்

வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கோப்பின் எடையைக் குறைப்பது பற்றி மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: தம்பி மகள் காதுகுத்தை ஃபோனில் 12 நிமிடம் எடுத்தேன். 4.8 ஜிபி வந்து நிற்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் வெட்டச் சொல்கிறது. வெட்டி அனுப்பினாலோ குழந்தை முகமே தெரியாமல் மங்கிப்போகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த 4.8 ஜிபி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். வீடியோவின் எடையைத் தீர்மானிப்பவை இரண்டே: எவ்வளவு நேரம் ஓடுகிறது, பிட்ரேட் எவ்வளவு. நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் எழுதப்படுகிறது என்பதுதான் பிட்ரேட். 8 பிட் ஒரு பைட், 60 நொடி ஒரு நிமிடம். ஆக, பிட்ரேட்டில் 1 மெகாபிட்டுக்கு நிமிடத்துக்கு 7.5 எம்பி. ஏழரை என்றதும் சனி ஞாபகம் வரும்தான். ஆனால் வீடியோ வேலையில் இந்த ஏழரையை மனப்பாடமாக வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உங்கள் கணக்கு: 4,800 எம்பியை 12 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி. அதை 7.5-ஆல் வகுத்தால் சுமார் 53 மெகாபிட். 4கே, நொடிக்கு 60 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்ற அமைப்பில் எடுத்திருப்பீர்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்டு வீடியோ என்று போனால் இந்த விலைப்பட்டியல் அங்கேயே இருக்கும்: 1080பி 30 ஃப்ரேமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி, 4கே 30-க்கு 170, 4கே 60-க்கு 400. ஃபோன் திரையில் பார்க்கப்போகும் சித்தப்பாவுக்கு 1080பி அளவில் 4 மெகாபிட் இருந்தால் முகம் தெளிவாகவே தெரியும். 12 × 4 × 7.5 = 360 எம்பி. வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம் 5 மெகாபிட் என்றால் 4.8 ஜிபி ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 360 எம்பி பத்து நிமிடத்தில் ஏறிவிடும்.

குறைப்பதற்கு ஹேண்ட்பிரேக் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் இலவச மென்பொருள். வீடியோவை அதற்குள் இழுத்துப் போட்டு, ப்ரீசெட்டில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வீடியோ’ என்ற பகுதியில் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் முறை) எச்.264 ஆகவும், அதன் கீழே ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ ஆர்எஃப் 22 ஆகவும் இருக்கட்டும். இந்த ஆர்எஃப் எண் தலைகீழானது. எண் குறையக் குறையத் தரமும் கூடும், எடையும் கூடும். ஆறு எண் மேலே ஏற்றினால் எடை ஏறத்தாழப் பாதியாகும். ஆறு இறக்கினால் இரண்டு மடங்காகும். 1080பி-க்கு 20 முதல் 24 வரை பாதுகாப்பான எல்லை. ‘ஆடியோ’ பகுதியில் ஏஏசி 128 வைத்தால் ஒலிக்கு நிமிடத்துக்கு 1 எம்பிதான் போகும். அதற்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை.

பன்னிரண்டு நிமிடத்தையும் ஓடவிட்டு முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். மேலே ‘ரேஞ்ச்’ என்ற இடத்தில் ‘செகண்ட்ஸ்’ தேர்ந்தெடுத்து, கூட்டமும் அசைவும் அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் குறைத்துப் பாருங்கள். அந்த நிமிடம் எத்தனை எம்பி வந்தது, உங்கள் கண்ணுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முழுவதையும் போடுங்கள்.

அனுப்பும்போது இன்னொரு சங்கதி. வாட்ஸ்அப்பில் ‘கேலரி’ வழியாக அனுப்பினால் நீங்கள் எவ்வளவு பக்குவமாகக் குறைத்திருந்தாலும் அது தன் பங்குக்கு மறுபடியும் பிழியும். எச்டி பொத்தானை அழுத்தினாலும் பிழியும், கொஞ்சம் மெதுவாக. ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் கை வைக்காது; 2022-லிருந்து 2 ஜிபி வரை அப்படி அனுப்பலாம். டெலிகிராமிலும் கோப்பாக 2 ஜிபி வரை போகும். அசல் 4.8 ஜிபியை மட்டும் அழித்துவிடாதீர்கள். குறைத்ததிலிருந்து பழைய தெளிவை எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: வீடியோவை ஜிப் செய்தால் 2 ஜிபி ஃபைல் 1.99 ஜிபி ஆகிறது. ஜிப் மென்பொருள் பழுதா?
— வாடிப்பட்டி வாசகர்

பதில்: பழுது இல்லை. ஜிப் செய்யக்கூடிய வேலையைக் கேமராவே முன்பே செய்துவிட்டது. பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் விட்டது போலத்தான். பத்து வீடியோக்களை ஒரே கட்டாக அனுப்ப ஜிப் உதவும். எடை குறைக்க உதவாது.

கேள்வி: நாங்கள் மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், உறவினர்கள் ஃபோனில் எடுத்தது எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி புட்டேஜ் வருகிறது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை நகர்த்தினாலே ஹேங் ஆகிறது. எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக்கில் சிறிதாக்கிவிட்டு எடிட் செய்யலாமா? ஃபோன் கிளிப்பில் போகப்போக ஒலியும் படமும் விலகுவதற்கும் வழி சொல்லுங்கள்.
— வீடியோகிராஃபர், செல்லூர்

பதில்: செய்யாதீர்கள். ஹேங் ஆவதற்குக் காரணம் கோப்பின் எடை இல்லை. அது சுருட்டப்பட்டிருக்கும் விதம்.

எச்.264, எச்.265 இரண்டும் எல்லா ஃப்ரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒரு முழு ஃப்ரேம். அதன்பின் வரும் பல ஃப்ரேம்களில் முந்தியதற்கும் இதற்கும் என்ன மாற்றம் என்ற குறிப்பு மட்டும். பிறகு மறுபடி ஒரு முழு ஃப்ரேம். முன்னோக்கி ஓடவிட்டுப் பார்க்க இது போதும். எடிட்டரோ தாலி கட்டும் நொடியைத் தேடி முன்னும் பின்னும் இழுக்கிறார். நடுவில் ஒரு ஃப்ரேமில் நிறுத்தினால், கம்ப்யூட்டர் பின்னால் இருக்கும் முழு ஃப்ரேமுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு குறிப்பாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நான்கு டிராக்கில் இதையே செய்யச் சொன்னால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஹேண்ட்பிரேக்கில் குறைத்தால் அதே வகைச் சுருட்டல்தான் இன்னும் இறுக்கமாகக் கிடைக்கும். தரமும் போகும், ஹேங்கும் முழுதாகப் போகாது.

உங்களுக்குத் தேவை ப்ராக்ஸி. அசலை அப்படியே வைத்துவிட்டு, ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதாக ஒரு மாற்று கிளிப் உருவாக்கி அதில் எடிட் செய்வது. இந்த மாற்று கிளிப்பில் எல்லா ஃப்ரேமும் முழு ஃப்ரேம், அதனால் இழுத்த இழுப்புக்கு வரும். பிரீமியரில் ப்ராஜெக்ட் பேனலில் கிளிப்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ‘ப்ராக்ஸி’, ‘கிரியேட் ப்ராக்ஸிஸ்’. ஃபார்மேட்டாக ப்ரோரெஸ் ப்ராக்ஸி வைத்து, அளவைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறைத்துக்கொள்ளுங்கள். மீடியா என்கோடர் தனியே திறந்து வேலை செய்யும். இரவில் போட்டுவிட்டுப் போனால் காலையில் தயார். பிறகு ப்ரோக்ராம் மானிட்டரின் கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்தி ‘டாகிள் ப்ராக்ஸிஸ்’ பொத்தானை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது நீலமாக இருந்தால் ப்ராக்ஸி ஓடுகிறது என்று பொருள். எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரீமியர் தானாகவே அசலுக்குப் போய்விடும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் என்றால், அதில் மீடியா பூலில் ரைட் கிளிக் செய்து ‘ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா’. அங்கே ஒரு பள்ளம் உண்டு: டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘யூஸ் ப்ராக்ஸி மீடியா’ என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால், கல்யாண வீட்டுக்குப் போகும் இறுதி வீடியோவே ப்ராக்ஸியிலிருந்து போய்விடும். மங்கிப்போன ஆல்பம் வீடியோ என்று திரும்பி வருபவற்றில் இதுவும் ஒன்று.

இடத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1080பி அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி 45 மெகாபிட் அளவில் எழுதும், மணிக்கு ஏறத்தாழ 20 ஜிபி. எடிட்டிங்கைச் சுலபமாக்கக் கூடுதலாக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ப்ராக்ஸியை எஸ்எஸ்டியிலும் அசலைச் சாதாரண ஹார்டு டிஸ்கிலும் வைப்பது நல்லது. ப்ராக்ஸி இணைய மறுத்தால் ஆடியோ சேனல்களை எண்ணுங்கள்: கேமரா கிளிப்பில் 4 சேனல், ப்ராக்ஸியில் 2 என்றிருந்தால் பிரீமியர் ஏற்காது.

ஃபோன் கிளிப் விலகுவதற்கு வேறு காரணம். பெரும்பாலான ஃபோன்கள் நொடிக்கு 30 ஃப்ரேம் என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சம் குறைந்தால் 24, சூடானால் 28 என்று மாற்றி மாற்றி எழுதும். எடிட்டிங் மென்பொருள் சீரான ஃப்ரேமை எதிர்பார்க்கும். முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் கெட்டிமேளம் பதினைந்தாவது நிமிடத்தில் தவில்காரர் கை தூக்குவதற்கு முன்பே கேட்பது இதனால்தான். ஃபோன் கிளிப்களை மட்டும், எடிட்டுக்கு முன்பே, ஹேண்ட்பிரேக்கில் ஃப்ரேம்ரேட் 30, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’, ஆர்எஃப் 16 அல்லது 17 என்று மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே நோக்கம் எடை குறைப்பது இல்லை என்பதால் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கோப்பு அசலைவிடப் பெரிதாக வந்தாலும் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ 3 மணி நேரம், 10.5 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவ் காலியாக இருந்தும் ‘ஃபைல் பெரிது’ என்று காப்பி ஆக மறுக்கிறது. கடைக்காரர் போலி டிரைவ் கொடுத்துவிட்டாரா?
— அவனியாபுரம் வாசகர்

பதில்: கடைக்காரரைத் திட்ட வேண்டாம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மேட் செய்தால் 10.5 ஜிபி அப்படியே ஏறும். சிக்கல் என்னவென்றால், தாத்தா வீட்டுப் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம்.

அப்படியானால் 4 ஜிபிக்குள் அடைக்கலாமா? நம் ஏழரைக் கணக்கில் 3,900 எம்பியை 180 நிமிடத்தாலும் பிறகு 7.5-ஆலும் வகுத்தால் 2.9 மெகாபிட்தான் வருகிறது. மேடை விளக்கு, பட்டுச்சேலை ஜரிகை, கூட்டம் இவற்றுக்கு 1080பி-யில் அது போதாது. ஜரிகை எல்லாம் சேறாகிவிடும். மாறாக, வரவேற்பு, முகூர்த்தம், விருந்து என்று மூன்று கோப்பாக வெட்டிவிடுங்கள். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் மறுபடி சுருக்காமலே வெட்டும், சில நிமிடங்களில் முடியும். அது முழு ஃப்ரேம் இருக்கும் இடத்தில்தான் வெட்டும் என்பதால் நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்பின் ஆகலாம். ஒவ்வொரு துண்டும் 3.5 ஜிபி வந்தால் ஃபேட்32-விலேயே மூன்றும் ஏறும், எந்த டிவியிலும் ஓடும். ஸ்டூடியோவிடம் வாங்கும்போதே எச்.264, எம்பி4 என்று கேட்டு வாங்குங்கள். எச்.265 கொடுத்தால் பழைய டிவியில் சத்தம் மட்டும் வரும், படம் வராது.

கேள்வி: ஒரே ஃபோன், ஒரே அமைப்பு. மாட்டுக்காரரின் பேட்டி 4 நிமிடம், ஹேண்ட்பிரேக்கில் குறைத்தால் 60 எம்பி. வாடிவாசல் காட்சி 4 நிமிடம், குறைத்தால் 410 எம்பி. ஏன் இப்படி?
— கல்லூரி மாணவர், பாலமேடு

பதில்: பேட்டியில் அசைவது வாயும் கையும்தான். பின்னால் இருக்கும் தொழுவமும் சுவரும் அப்படியே நிற்கின்றன. ‘முந்தைய ஃப்ரேமில் இருந்தது போலவே’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மென்பொருள் நகர்ந்துவிடும். வாடிவாசலில் காளை பாய்கிறது, தேங்காய் நார் பறக்கிறது, புழுதி, கேலரி முழுக்கக் கையசைப்பு, அதோடு உங்கள் கேமராவும் ஆடுகிறது. எந்த ஃப்ரேமும் முந்தைய ஃப்ரேம் போல் இல்லை. ஆர்எஃப் என்பது ‘தரம் இவ்வளவு இருக்க வேண்டும், எடை எவ்வளவு ஆனாலும் சரி’ என்ற கட்டளை, அதனால் மென்பொருள் 410 எம்பி கேட்கிறது. ‘ஆவரேஜ் பிட்ரேட்’ முறைக்கு மாறி 60 எம்பிக்குள் அடக்கினால், காளை பாயும் நொடியில் படம் கட்டம் கட்டமாக உடையும். பார்க்க வேண்டிய நொடியே அதுதான்.

வேகமான காட்சியில் கண் நுணுக்கத்தைத் தேடாது என்பதால் ஆர்எஃப் 25 வரை தைரியமாகப் போகலாம். அளவை 720பி ஆக்கினால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிகள் 20,73,600-லிருந்து 9,21,600 ஆகும், அதாவது பாதிக்கும் கீழே. 60 ஃப்ரேமில் எடுத்திருந்து ஸ்லோ மோஷன் தேவையில்லை என்றால் 30 ஆக்குங்கள். எடுக்கும்போதே ஃபோனைக் கேலரிக் கம்பியில் ஊன்றிப் பிடித்திருந்தால் இத்தனைக்கும் முன்பே கணிசமாகக் குறைந்திருக்கும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை விடியலுக்கு முன் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை, காரணம் மட்டும் வேறு. இருட்டில் ஃபோன் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் வரும். அவை ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறும். மென்பொருளுக்கு அந்தப் புள்ளியும் அசைவுதான், தீவட்டியும் அசைவுதான். ஹேண்ட்பிரேக்கின் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் டீநாய்ஸ் – என்எல்மீன்ஸ் – ‘அல்ட்ராலைட்’ போடுங்கள். வேலை முடிய வெகு நேரம் பிடிக்கும், எடை நன்றாக இறங்கும். ‘ஸ்ட்ராங்’ பக்கம் போகாதீர்கள், முகங்கள் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

கேள்வி: கணக்குப் பாடத்தைக் கம்ப்யூட்டர் திரையிலேயே ஓபிஎஸ்-இல் பதிவு செய்கிறேன். 40 நிமிடப் பாடம் 2.4 ஜிபி. பிள்ளைகளின் ஒரு நாள் டேட்டா இதற்கே போய்விடும்.
— ஆசிரியை, மேலூர்

பதில்: நிமிடத்துக்கு 60 எம்பி, அதாவது 8 மெகாபிட். அசையாத ஸ்லைடுக்கு இது அநியாயம். ஓபிஎஸ்-இல் ‘ரேட் கன்ட்ரோல்’ சிபிஆர் என்று இருக்கும். திரையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் நொடிக்கு 8 மெகாபிட் எழுதியே தீருவேன் என்பது அதன் பிடிவாதம். நேரலைக்கு அது வேண்டும், பதிவுக்கு வேண்டாம். செட்டிங்ஸ், அவுட்புட் போய் மோடை ‘அட்வான்ஸ்டு’ ஆக்கி, ரெக்கார்டிங் பகுதியில் என்கோடர் எக்ஸ்264, ரேட் கன்ட்ரோல் சிஆர்எஃப் (ஹேண்ட்பிரேக்கின் ஆர்எஃப் போன்றதே), எண் 23 என்று வையுங்கள். வீடியோ பகுதியில் ஃப்ரேம்ரேட் 15 போதும். பேனா நகர்வது அதிலேயே தெரியும். ஒலி 96. பேச்சும் எழுத்தும் மட்டுமுள்ள பாடம் இப்படி வைத்தால் பழைய எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வருவது சகஜம்.

கோப்பை எம்கேவி ஆகப் பதிவு செய்யுங்கள். சாதாரண எம்பி4 என்றால் பாதியில் கரண்ட் போனதும் அதுவரை பேசியது அத்தனையும் திறக்க முடியாமல் போகும். எம்கேவி-யில் போன நொடி வரைக்கும் மிஞ்சும். முடிந்ததும் ‘ஃபைல்’, ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆகும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். வீடியோ சுருக்கும்போது நிறத்தின் நுணுக்கத்தைத்தான் முதலில் கழிப்பார்கள், வெளிச்சத்தின் நுணுக்கத்தை அல்ல. சிவப்பு அடுக்குக்குறிகள் கலங்கி 2-ஆ 3-ஆ என்று தெரியாமல் போகும். கறுப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு நிற்கும்.

கேள்வி: 1997 கல்யாண கேசட்டை கணினிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2 மணி நேரம், 26 ஜிபி, ஏவிஐ கோப்பு. ஆள் நடந்தால் ஓரமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. சரிசெய்து சிறிதாக்க முடியுமா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: மாற்றிக் கொடுத்தவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். மணிக்கு 13 ஜிபி என்பது டிஜிட்டல் வீடியோ (DV) என்ற பதிவு முறையின் அளவு. அந்தக் கோடுகள் பழுதும் இல்லை. அந்தக் காலத்து வீடியோ ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு தவணையாக எழுதும். இரண்டுக்கும் நடுவே ஆள் நகர்ந்துவிட்டால் இன்றைய திரையில் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ போய் டீஇன்டர்லேஸ் – யாடிஃப், ப்ரீசெட் ‘பாப்’. வீடியோ பகுதியில் ஃப்ரேம்ரேட் 50 வையுங்கள்; அசைவு பழைய டிவியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு போகும். அளவை 720 × 576 ஆகவே விடுங்கள். 1080பி ஆக்கினால் கேசட்டில் இல்லாத தெளிவு வந்துவிடாது, எடைதான் ஏறும். திரை முழுக்க வரட்டும் என்று 16:9-க்கு இழுத்தால் மாப்பிள்ளை, பெண் இருவரும் குண்டாகிவிடுவார்கள். 4:3 அப்படியே இருக்கட்டும். படத்தின் அடியில் நெளியும் பத்துப் பன்னிரண்டு வரிகளைக் ‘கிராப்’ செய்துவிடலாம். ஆர்எஃப் 19 வைத்தால் பெரும்பாலும் மணிக்கு 1 முதல் 1.5 ஜிபிக்குள் வரும். 26 ஜிபி அசலை ஒரு ஹார்டு டிஸ்கில் பத்திரப்படுத்துங்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்தபின் இன்னொரு முறை மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை.

கேள்வி: எச்.265 பாதி எடை என்கிறார்களே, எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமா? கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் வேகமாக முடிகிறது, அது நல்லதா?
— நாகமலைப் புதுக்கோட்டை வாசகர்

பதில்: 2003-இல் வந்த எச்.264-ஐவிட 2013-இல் வந்த எச்.265 அதே தரத்துக்கு ஏறத்தாழப் பாதி பிட்ரேட் கேட்கும் என்பது உண்மை. 4கே-யில் லாபம் அதிகம், சிறிய படங்களில் குறைவு. உங்கள் சேமிப்புக்கு எச்.265, பிறருக்கு அனுப்ப எச்.264. விண்டோஸில் எச்.265 திறக்கவில்லை என்று யாராவது திருப்பி எழுதினால் விஎல்சி பிளேயர் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே எச்.264-இல் குறைத்தவற்றை மறுபடி எச்.265-க்கு மாற்றாதீர்கள். ஒவ்வொரு சுருக்கலும் கொஞ்சம் தின்னும். அசலிலிருந்துதான் மாற்ற வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு வேகத்துக்காகச் சிக்கனத்தை விட்டுக்கொடுக்கும். அதே தரத்துக்குப் ப்ராசஸரில் செய்வதைவிடக் கோப்பு பெரிதாக வரும். நாளைக் காலை கொடுக்க வேண்டிய வேலையா, கார்டில் போடுங்கள். பத்து வருடம் வைத்திருக்கப்போகும் வீடியோவா, ப்ராசஸரில் ‘ஸ்லோ’ ப்ரீசெட் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன் மட்டும்தான்.
— சோழவந்தான் வாசகி

பதில்: எடுப்பதற்கு முன்பே கேமராவில் 1080பி, 30 ஃப்ரேம் என்று மாற்றி வையுங்கள். எடுத்து முடித்ததும் கேலரியில் ‘எடிட்’ தொட்டு, முன்னும் பின்னும் தரையையும் ஆகாயத்தையும் பார்த்த பகுதிகளை வெட்டுங்கள். மிஞ்சியதை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்.